மண்வெட்டியும் எஃகின் பதமும்

ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு மண்வெட்டிகளில் ஒன்று பல பருவங்கள் உழைக்கிறது; மற்றொன்று முதல் வரப்பைக் கழிக்கும்போதே வாய் மடங்கிவிடுகிறது. எடையும் தோற்றமும் ஒன்றே. 'இரும்பு மட்டம்' என்று விவசாயி சலித்துக்கொள்கிறார். ஆனால், பல சமயங்களில் குறை இரும்பில் இருப்பதில்லை. அதற்குக் கொடுத்த சூட்டிலும் துவைச்சலிலும் இருக்கிறது. பஞ்சாயத்துப் பணத்தில் கருவிகள் வாங்கும் உறுப்பினர்களும், ஊர்க் கொல்லரிடம் அரிவாள் அடிக்கக் கொடுக்கும் குடியானவர்களும் இதை ஓரளவு அறிந்திருப்பது அவசியம்.

எஃகு என்பது இரும்பில் சிறிதளவு கார்பன் சேர்ந்த பொருள். நூற்றில் கால் பங்குக்கு உட்பட்டு கார்பன் இருந்தால் அது மென்மையான எஃகு. கதவுச் சட்டத்திற்கும் வேலிக் கம்பிக்கும் அது போதும். எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் வெட்டும் கருவிக்கு வேண்டிய கடினம் அதற்கு ஏறாது. 0.3 முதல் 0.6 பங்கு வரை உள்ளது நடுத்தர எஃகு. இயந்திரத் தண்டுகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் உரியது இதுவே, 0.45 பங்கு உள்ளதைப் பட்டறைகளில் 'சி 45' என்று கேட்டு வாங்குகிறார்கள். அதற்கும் மேற்பட்ட கார்பன் உள்ளது உளிக்கும் கத்திக்கும் அரத்திற்கும் ஏற்றது. சாணைக் கல்லில் பிடித்துப் பார்த்தால் வேற்றுமை தெரியும். மென்மையான எஃகின் பொறிகள் நீண்ட கோடுகளாகப் பாயும்; கார்பன் மிகுந்ததன் பொறிகள் பூப்பூவாய் வெடித்துச் சிதறும்.

சூட்டினால் என்ன நேருகிறது? எஃகு சுமார் 727 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது இரும்பின் உள்ளமைப்பு மாறத் தொடங்கி, கார்பன் அதனுள் கரைகிறது. சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால், கார்பன் இரும்போடு கூடிய மெல்லிய தகடுகளாகப் பிரிந்து நிற்கும். எஃகு இளகி, அரத்திற்கு எளிதில் இசையும். திடீரென்று குளிர்வித்தாலோ, கார்பனுக்குப் பிரிய அவகாசம் இல்லை. அது உள்ளேயே சிறைப்பட்டு இரும்பின் அமைப்பை இறுக்கிவிடுகிறது. கடினம் வருவது இதனால்தான்.

0.45 பங்கு கார்பன் உள்ள எஃகிற்கு 820 முதல் 860 டிகிரி வரை சூடு வேண்டும். உலைக்களத்தில் வெப்பமானி ஏது? கொல்லர் கண்ணே அளவுகோல். ஆயினும் நடுப்பகல் வெயிலில் பழுப்பின் நிறம் மங்கித் தோன்றுவதால், மேலும் மேலும் துருத்தி ஊதிச் சூட்டை மிகைப்படுத்திவிடுவது உண்டு. நிழலான இடத்தில் உலையை வைப்பது இதற்காகவே. ஒரு காந்தத் துண்டும் உதவும். சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்தால் ஈர்க்கப்படுவதை இழக்கிறது. அதற்குச் சற்று மேலே கொண்டுபோய்த் துவைச்சல் கொடுக்கலாம். பொறி பறக்கும் அளவுக்குக் காய்ந்த எஃகு எரிந்து கெட்டது. அதை எந்தத் துவைச்சலும் மீட்காது.

துவைத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் பெரும் பிழை. அந்நிலையில் கருவி கண்ணாடிபோல் உடையும். கொல்லர்களின் பழைய முறை அருமையானது. உளியின் முனையை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். மேற்பகுதியில் எஞ்சிய சூடு முனைக்கு இறங்கி வர, நிறங்கள் ஓடத் தொடங்கும். வைக்கோல் மஞ்சள் சுமார் 220 டிகிரி, பழுப்பு 260, ஊதா 280, நீலம் 300. வேண்டிய நிறம் வாய்க்கு வந்ததும் முழுவதையும் தோய்த்து நிறுத்திவிட வேண்டும். இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா, விசைக்கும் அதிர்ச்சிக்கும் ஈடுகொடுக்க வேண்டியதற்கு நீலம் என்பது கணக்கு. கடினத்தில் சிறிது விட்டுக்கொடுத்து உறுதியை வாங்கிக்கொள்கிறோம்.

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளைப் பலர் விரும்புகிறார்கள், நல்ல தேர்வுதான். ஆனால், அந்தப் பட்டைகளில் பலவும் வெறும் கார்பன் எஃகு அல்ல. சிலிக்கனும் மாங்கனீசும் கூடியவை. அவற்றை எண்ணெயில் துவைக்க வேண்டும். நாம் பார்த்த ஒரு பட்டறையில் பச்சைத் தண்ணீரில் முக்கிய அரிவாள் 'டிக்' என்ற ஓசையோடு வாயருகே விரிந்தது. ஒரு நாள் உழைப்பு வீணாயிற்று. கட்டடத்தில் மிஞ்சிய டி.எம்.டி. கம்பியைக் கடப்பாரையாக்குவதும் பயனற்றது. ஆலையிலேயே தண்ணீரால் இறுக்கப்பட்ட அதன் மேற்பரப்பு, உலையில் வைத்தவுடன் இளகிவிடும். திரும்ப ஏற்றுவதற்கு வேண்டிய கார்பனும் அதில் இல்லை.

கருவிகளை மொத்தமாக வாங்கும் பஞ்சாயத்துகள் சிலவற்றை எடுத்து, வாயில் ஒரு புது அரத்தை ஓட்டிப் பார்க்கலாம். அரம் வழுக்கினால் கருவி உடையும். வெண்ணெய்போல் கடித்தால் மடங்கும். தயங்கித் தயங்கிக் கடிப்பதே நல்ல பதம். கல் உடைக்கும் உளியாயின், தலைப்பக்கத்தையும் சோதிக்க வேண்டும். அங்கே அரம் எளிதில் கடிக்க வேண்டும். துவைச்சல் ஏறிய தலையைச் சம்மட்டியால் அடித்தால் சில்லுத் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும். அப்படிப்பட்ட உளிகளைக் கையொப்பமிட்டு ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள்.