மதிப்பெண் இல்லாத இரண்டு கிரெடிட் பாடம்

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளை விரல் மடக்கி மூன்று என்று சொல்லிவிடும். கணினியைக் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது.

தமிழில் ஒரு சொல் விளையாட்டுச் செயலி செய்து பார்க்கலாம் என்று மடிக்கணினியைத் திறக்கும் கல்லூரி மாணவர் முதல் வாரத்திலேயே இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார். எழுத்துகளைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கச் சொன்னால், இகரக் குறி ஒரு கட்டத்திலும் புள்ளி இன்னொரு கட்டத்திலும் அநாதையாக நிற்கும். அதைச் சரிசெய்து முடித்தால் அடுத்த சிக்கல் காத்திருக்கும். அகராதியில் 'பழம்' முன்னே வரும், 'பள்ளி' பின்னே வரும். ஒருங்குறி (யூனிகோட்) எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் கணினி 'பள்ளி'யை முன்னே கொண்டுவந்து வைக்கும். ஒருங்குறி அட்டவணையில் ழகரத்துக்கு முன்பே ளகரம் இடம்பிடித்துவிட்டது.

இதை எந்த விரிவுரையாளரும் வீட்டுப்பாடமாகத் தரவில்லை. இதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. ஆனாலும் இரவு ஒரு மணிக்கு 'பழம்' தன் இடத்துக்கு வந்து உட்காரும்போது அந்த மாணவர் அடையும் மகிழ்ச்சி, தேர்வில் 'ஏ' வாங்கியபோதுகூடக் கிடைத்திருக்காது. பக்கத்து அறையில் விழித்துக்கொண்ட அம்மா அப்போதுதான் கேட்பார்: "இதெல்லாம் சரிப்பா, படிப்பு என்ன ஆகும்?"

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியுமா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒரு வாரத்தின் கணக்கு

கிள்ளானில் வீடு, கோலாலம்பூரில் கல்லூரி. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தமிழ்க் குடும்பங்களின் நிலை இதுதான். காலையில் கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறி, ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பெட்டாலிங் கடந்து பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலில் இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அங்கிருந்து எல்ஆர்டி ரயில் பிடித்து மலாயாப் பல்கலைக்கழகத்துக்கோ வேறு கல்லூரிக்கோ போக வேண்டும். மாலையில் அதே வழியாகத் திரும்ப வேண்டும்.

மலேசியத் தகுதி முகமையின் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, பயிற்சி, வீட்டில் படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு தவணைக்கு 15 கிரெடிட் எடுக்கும் மாணவருக்கு மொத்தம் 600 மணி நேரம் ஆகிறது. தேர்வு வாரங்களையும் சேர்த்து 17 வாரம் என்று வைத்தால், வாரத்துக்குச் சுமார் 35 மணி நேரம்.

வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56, படிப்புக்கு 35, கொமுட்டருக்கு 10 என்று கழித்தால் 67 மிஞ்சும். சாப்பாடு, குளியல், வீட்டுவேலை, கோயில், உறவு, நட்பு என்று 30 போகட்டும். பிடிபிடிஎன் கல்விக்கடன் போதாமல் வார இறுதியில் கடையில் வேலை செய்பவர் என்றால் இன்னொரு 16 போகும். அப்போதும் 21 மணி நேரம் கையில் இருக்கிறது. அதில் ஆறு மணி நேரத்தைச் செயலிக்கு ஒதுக்கினால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை.

வாரத்துக்கு ஆறு மணி என்றால் 14 வாரப் பாடக்காலத்தில் 84 மணி நேரம் சேரும். ஏறத்தாழ இரண்டு கிரெடிட் பாடத்துக்குச் சமம். செயலி உருவாக்கத்தில் ஆசை கொண்ட மாணவர் முதலில் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய எண் இதுதான். அவர் பதிவு செய்யாத, மதிப்பெண் வராத, ஆனால் உண்மையிலேயே கற்றுத்தரும் இரண்டு கிரெடிட் பாடம் அது. அந்த அளவுக்குள் வைத்துக்கொண்டால் அது படிப்புக்கு உரம். ஆறு கிரெடிட்டாக ஊதிவிட்டால் மற்றப் பாடங்களைத் தின்றுவிடும்.

ஆகவே பெரும்பாலோர் நினைப்பதுபோல இது நேர நிர்வாகச் சிக்கல் இல்லை. ஆசையின் அளவைப் பற்றிய சிக்கல். 84 மணி நேரத்தில் கிராப் போன்ற பெரிய வாடகைக்கார் செயலி செய்ய முடியாது. ஆனால் அம்மாவின் பலகார வியாபாரத்துக்குத் தீபாவளி முன்பதிவைக் குறித்துவைக்கும் செயலி செய்யலாம். தம்பியின் தமிழ்ப்பள்ளிக்கு ஓர் எழுத்துப் பயிற்சி விளையாட்டு செய்யலாம்.

கிள்ளான் மண்ணின் முன்னோடி

சிறிதாகத் தொடங்கி விடாமல் செய்தால் எங்கே போய்ச் சேரலாம் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது. முத்து நெடுமாறன் கிள்ளான் வட்டாரத்தில் வளர்ந்தவர். 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' தொகுத்த முரசு நெடுமாறனின் மகன். 1985இல் அவர் தொடங்கிய 'முரசு' மென்பொருள்தான் பின்னாளில் 'முரசு அஞ்சல்' ஆனது. தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும் என்ற ஒரே ஒரு தேவை அதன் விதை.

2005 பொங்கலின்போது அவருடைய 'செல்லினம்' சிங்கப்பூரில் அறிமுகமானது. விசைகள் கொண்ட பழைய கைப்பேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப அது வழி செய்தது. முரசுக்கும் செல்லினத்துக்கும் இடையில் இருபது ஆண்டுகள் இருந்ததைக் கவனியுங்கள். இன்று ஆப்பிள் கணினியையும் ஐபோனையும் திறந்தால் 'தமிழ் சங்கம் எம்என்' என்ற எழுத்துரு இருக்கும். அந்த 'எம்என்' முத்து நெடுமாறனின் பெயரின் முதலெழுத்துகள். கோடிக்கணக்கான திரைகளில் தமிழைத் தாங்கும் எழுத்துருவில் மலேசியத் தமிழர் ஒருவரின் கையொப்பம் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் உணவுக்கடையில் தோசைக்குக் காத்திருக்கும்போது ஐபோனில் தமிழ்ச் செய்தி படிக்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவர் தொடங்கிய காலத்தில் தமிழுக்கு ஒருங்குறி கிடையாது. கேட்டுத் தெளிய இணையம் கிடையாது. இன்றைய மாணவருக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இலவசம், பாடங்கள் இலவசம். அன்று இல்லாத வசதி எல்லாம் இன்று இருக்கிறது. தேவை ஒன்றைக் கண்டு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொறுமை மட்டும் அன்றும் இன்றும் அவரவர் கொண்டுவர வேண்டியது.

மருத்துவ மாணவரின் விசைப்பலகை

"முத்து நெடுமாறன் மாணவர் இல்லையே, தேர்வு நெருக்கடியில் இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பவர்கள் வங்காளதேசத்தைப் பார்க்கலாம்.

மெஹ்தி ஹசன் கான் மைமென்சிங் மருத்துவக் கல்லூரி மாணவர். கணினியில் வங்காளத்தை எளிதாகவும் இலவசமாகவும் எழுத ஒரு வழி வேண்டும் என்று 'அவ்ரோ' என்ற விசைப்பலகை மென்பொருளை உருவாக்கினார். 2003 மார்ச் 26இல், தம் நாட்டின் சுதந்திர தினத்தன்று, அதை வெளியிட்டார். உடற்கூறியல் கூடத்துக்கும் மருத்துவமனை வார்டுக்கும் இடையே ஓடும் மாணவருக்கு நேரம் எங்கிருந்து வந்தது? பாடத்திலிருந்துதான் என்று நினைத்த ஆசிரியர்கள் உண்டு. மருத்துவம் உனக்கு வேண்டாம், விட்டுவிடு என்றுகூட அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டது. அவர் இரண்டையும் விடவில்லை. மருத்துவப் பட்டத்தையும் முடித்தார், அவ்ரோவையும் வளர்த்தார். வங்காளதேசத் தேர்தல் ஆணையம் தேசிய அடையாள அட்டைப் பணிக்கு அவ்ரோவைப் பயன்படுத்தியது. 2025இல் அவருக்கும் அவருடன் உழைத்த மூன்று தோழர்களுக்கும் நாட்டின் உயரிய விருதுகளில் ஒன்றான 'ஏகுஷே பதக்' கிடைத்தது.

இந்தக் கதையில் மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. அவர் பட்டத்தை உதறவில்லை என்பது ஒன்று. தனியாகவே எல்லாம் செய்யவில்லை என்பது மற்றொன்று. தோழர்கள் சேர்ந்ததும் சுமை பகிரப்பட்டது. தேர்வு வாரத்தில் ஒருவர் ஓய்வெடுத்தாலும் வேலை நகரும்.

பொழுதுபோக்கையே படிப்போடு கட்டிப்போட்டவரும் உண்டு. 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் தம் ஆசைக்காக லினக்ஸ் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். பிறகு அதைப் பற்றியே முதுகலை ஆய்வேட்டையும் எழுதினார். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் ஓடுவது அந்த லினக்ஸின் மேல்தான். நம் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணி இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் விளையாட்டாகத் தொடங்கிய செயலியை வழிகாட்டும் விரிவுரையாளரிடம் காட்டி, இறுதியாண்டில் அதையே திட்டப்பணியாக வளர்க்கலாமா என்று கேளுங்கள். சம்மதித்தால் ஒரே உழைப்பு இரண்டு இடத்தில் பலன் தரும்.

பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

செயலியைச் செய்து முடித்ததும் கூகள் பிளேயில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தால் அங்கே ஒரு வாசல்படி இருக்கிறது. கணக்குத் திறக்க ஒருமுறைக் கட்டணம் 25 அமெரிக்க டாலர், அதாவது நூறு ரிங்கிட் அளவில் ஆகும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். மாணவர்கள் ஆண்ட்ராய்டில் தொடங்குவது இதனால்தான்.

2023 நவம்பருக்குப் பிறகு கூகளில் தனிநபர் கணக்குத் திறந்தவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. செயலியைப் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன் ஒரு மூடிய சோதனை நடத்த வேண்டும். முதலில் 20 பேர் தேவை என்றார்கள், பிறகு 12 பேராகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும்.

மாணவர்கள் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு இது நல்ல வாய்ப்பாகவே படுகிறது. குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டாலே 12 பேர் கிடைப்பார்கள். பந்திங்கில் இருக்கும் பெரியம்மா எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்பார். போர்ட் கிள்ளான் மாமா பழைய கைப்பேசியில் திறக்கவே இல்லை என்பார். சின்ன அத்தை எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் தொலைபேசியில் அழைப்பார். வகுப்பறையில் 'பயனர் அனுபவம்' என்று பக்கம் பக்கமாகப் படித்தது அந்த 14 நாளில் முகம் கொண்டு வந்து நிற்கும். இன்னொரு நன்மையும் உண்டு. இதுவரை 'எந்நேரமும் கணினி' என்று குறைபட்ட குடும்பம், பிள்ளை செய்யும் வேலையைத் தன் கையில் பிடித்துப் பார்க்கும்.

சோதனைக்கு வருபவர்களின் பெயர், எண், பிறந்தநாள் என்று தேவையில்லாததை எல்லாம் சேகரிக்க வேண்டாம். தனிநபர் தரவைக் காக்க மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டத்துக்கும் முன்னால், நம்மை நம்பிப் பதிவிறக்கிய அத்தைக்கு நாம் பட்ட கடன் இருக்கிறது.

எப்போது நிறுத்துவது?

ஆசைக்கு வேலி வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லும் வழிகள் எளிமையானவை. தவணையின் தொடக்கத்திலேயே செயலி செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை ஒரு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். புதிதாக எது தோன்றினாலும் குறிப்பேட்டில் எழுதுங்கள், செயலியில் சேர்க்காதீர்கள். கொமுட்டரில் நின்றுகொண்டு நிரல் எழுத முடியாது. ஆனால் திரை எப்படி இருக்க வேண்டும் என்று தாளில் வரையலாம், பிழையின் காரணத்தை மனத்துக்குள் தேடலாம். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மடிக்கணினியில் அந்தக் கோப்பை மூடிவிடுங்கள். தேர்வு முடிந்து திறக்கும்போது அது அங்கேயேதான் இருக்கும்.

வகுப்புக்கு வராமல் போவது, வீட்டுப்பாடம் தவறுவது, நான்கு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம் என்ற மூன்றில் இரண்டு தொடர்ந்து இரண்டு வாரம் நடந்தால், செயலி தன் இரண்டு கிரெடிட்டைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது அதைச் சுருக்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிராப்பின் கதையைக் கேட்டுவிட்டுப் படிப்பை நிறுத்த நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். ஹார்வர்டில் படித்த இரண்டு மலேசியர்கள், ஆன்டனி டானும் டான் ஹூய் லிங்கும், 2011இல் அங்கே நடந்த வணிகத் திட்டப் போட்டிக்குத் தயாரித்த யோசனைதான் 2012இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் 'மைடெக்சி'யாக வந்து பிறகு கிராப் ஆனது. அவர்கள் படிப்பை விட்டு ஓடவில்லை. படிப்புதான் அந்த யோசனைக்குக் களம் அமைத்தது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இரவில் விழித்திருந்தால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். என்ன செய்கிறாய் என்று கேட்டு, காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டும் திரையில் 'பழம்' என்ற சொல் அகர வரிசையில் தன் இடத்தில் இருந்தால், அதற்குப் பின்னால் எத்தனை இரவுகள் இருக்கின்றன என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளின் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் அவர்கள் விளையாட நல்ல தமிழ்ச் செயலிகள் தேவைக்கு ஏற்ப இல்லை. இந்தத் தவணையில் வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு செயலி, சிறியதாக, பிழையில்லாமல், முடித்துக் கொடுங்கள். பட்டத்தையும் முடியுங்கள். இரண்டும் உங்களால் முடியும்.