கைப்பேசிச் செயலி ஆக்குமாறு

கைப்பேசி இல்லாதாரைக் காண்டல் இந்நாளில் அரிது. எனினும் அதனுள் இயங்கும் செயலி என்பது யாது, அஃது எவ்வாறு ஆக்கப்படுவது என வினவினால், பொறியியல் பயின்றாரைக் கேளுங்கள் என்று கூறி நழுவுதல் நம்மனோர் வழக்கம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினனாகிய யானும் சென்ற ஆண்டுவரை அவ்வாறே இருந்தேன். கோச்சடையில் நாற்பத்திரண்டு வீடுகளுக்குக் காலையும் மாலையும் பால் ஊற்றுபவர் என் தந்தையார். அவர் கணக்கெழுதும் நோட்டு ஐப்பசி மழையில் நனைந்து இரண்டு வாரக் கணக்கு மசியாய்க் கரைந்தோடிற்று. வாடிக்கையாளர் தத்தம் நினைவிற்கேற்பக் கூறிய தொகையையே வாங்கிக்கொள்ள நேர்ந்தது. அவ்விழப்பே என்னை இத்துறையில் இழுத்துவிட்டது. யான் கற்றதும் தவறியதும் ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் இயங்குதளம் என்பதை அறிதல் வேண்டும். நம் மதுரையில் காம்பவுண்டு வீடு என்று வழங்குவதை யாவரும் அறிவர். வாயில் ஒன்று, கிணறு ஒன்று, குடித்தனங்கள் பல. ஒரு குடித்தனத்தார் மற்றொருவர் அறையைத் திறத்தல் ஆகாது. கிணற்றையும் மாடியையும் வீட்டுக்காரர் இசைவு பெற்றே புழங்குதல் வேண்டும். கைப்பேசியின் இயங்குதளம் அவ்வீட்டுக்காரரை ஒக்கும். செயலிகள் குடித்தனக்காரரை ஒப்பன. ஆண்டிராய்டு என்னும் இயங்குதளம் லினக்ஸ் என்னும் கருவினை அடிப்படையாக உடையது. அது செயலி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் அளித்து, ஒன்றன் கோப்புக்களை மற்றொன்று தொடாதவாறு காக்கின்றது. நிழற்படக் கருவி, தொடர்பு எண்கள், இருப்பிடம் முதலியன பொதுக்கிணறு போல்வன. ஆண்டிராய்டின் ஆறாம் பதிப்பு 2015இல் வெளிவந்தது முதல், இவற்றுள் ஒன்றைச் செயலி வேண்டும்போது பயன்படுத்துவாரை அப்பொழுதே கேட்டு இசைவு பெறுதல் வேண்டும். வெறும் கைவிளக்கு எரிக்கும் செயலி நம் தொடர்பு எண்களைக் கேட்குமாயின் அதனை ஐயுறுதலே அறிவுடைமை.

இவ்வாண்டிராய்டின் வரலாறு மிகப் பழையதன்று. 2003இல் அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனமாய்த் தோன்றி, 2005இல் கூகுள் நிறுவனத்தாரால் வாங்கப்பெற்று, 2008இல் முதற் கைப்பேசியில் ஏறி விற்பனைக்கு வந்தது. அதன் மூல நிரல் யாவர்க்கும் திறந்திருத்தலின், அதன்மேல் வேறு இயங்குதளங்களையும் கட்டலாம். 2023 சனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் அறிமுகஞ் செய்யப்பெற்ற பாரோஸ் என்பது அவ்வாறு கட்டப்பெற்றதே. ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐஓஎஸ் வேறு வகையினது. அதற்குச் செயலி ஆக்க மேக் கணினியும், கடையில் வைக்க ஆண்டுதோறும் 99 டாலரும் வேண்டும். பால்காரர் மகனுக்கு எவ்வழி ஏற்றதென்று விரித்தல் மிகை.

இனி, கருவிகளைக் கூறுவாம். ஆண்டிராய்டு ஸ்டூடியோ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. எழுதும் மொழி முன்னர் ஜாவா; 2019 முதல் கோட்லின் என்பதையே கூகுள் நிறுவனத்தார் முதன்மையாகக் கொண்டுள்ளனர். கணினிக்குள்ளேயே போலிக் கைப்பேசியொன்றை இயக்கிச் செயலியை ஆய்ந்து பார்க்கலாம். ஆயின் அது கணினியின் நினைவகத்தைப் பெரிதும் விழுங்குவது. என் பழங் கணினி அதனைத் தாங்காது மூச்சுத் திணறிற்று. ஆகலின் உண்மைக் கைப்பேசியையே கம்பியால் இணைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு வேடிக்கையான வழி உளது. அமைப்புப் பகுதியில் 'பில்டு எண்' என்று காணப்படும் வரியை ஏழுமுறை தட்டின், அதுகாறும் மறைந்திருந்த 'உருவாக்குநர் விருப்பங்கள்' திறந்துகொள்ளும். முதன்முறை இது செய்தபோது கதையிற் கேட்ட குகைக்கதவு திறந்தாற் போன்றிருந்தது.

செயலிக்கு உறுப்புக்கள் சில உள. மேனிஃபெஸ்ட் என்பது அதன் சாற்றுரை. செயலியின் பெயர் யாது, எத்திரைகள் உள, என்னென்ன இசைவுகள் வேண்டும் என்பவற்றை இயங்குதளத்திற்கு முன்னரே அறிவிப்பது. வளங்கள் என்னும் பகுதியில் படங்களும், திரையில் தோன்றும் சொற்களும் வைக்கப்பெறும். சொற்களை நிரலுக்குள்ளே புதைத்துவிடாது இங்கே தனியே வைத்தல் நன்று. தமிழுக்கென ஒரு கோப்புறை அமைப்பின், கைப்பேசியைத் தமிழில் வைத்திருப்பார்க்குத் தமிழ்ச் சொற்கள் தாமே தோன்றும். பொத்தானை அழுத்தினால் யாது நிகழ்தல் வேண்டும் என்பதனை உரைப்பது நிரல். இவை மூன்றும் ஒன்றாய்க் கட்டப்பெற்று ஒரே பொதியாகின்றன.

நிற்க. தொடக்கத்தார் பெரிதும் இடறும் இடம் ஒன்றுண்டு. யானும் அங்கேயே விழுந்தேன். செயலியின் ஒரு திரைக்கு 'ஆக்டிவிட்டி' என்று பெயர். அது பிறக்கும், கண்ணுக்குத் தோன்றும், மறையும், இறக்கும். இந்நிலை ஒவ்வொன்றிலும் இயங்குதளம் நம் நிரலை அழைத்து அறிவிக்கும். தொலைபேசி அழைப்பொன்று வரின் திரை பின்னே தள்ளப்படும். நினைவகம் போதாவிடின் பின்னின்ற செயலியை இயங்குதளம் கேளாமலே மாய்த்துவிடும். இவை யான் படித்தறிந்தனவே. ஆயின் கைப்பேசியைக் குறுக்காகச் சாய்த்த அளவிலேயே, வேறு ஏற்பாடு செய்யாவிடின், இருந்த திரை அழிக்கப்பெற்றுப் புதிய திரையொன்று பிறக்கின்றது என்பதை யான் கருத்தில் வாங்கவில்லை. வீடுதோறும் குறித்த பாலளவை அத்திரையின் நினைவிலேயே வைத்திருந்து, எல்லா வீடும் முடிந்தபின் 'சேமி' என்னும் பொத்தானை அழுத்துமாறு அமைத்திருந்தேன். முதல் நாள் என் தந்தையார் முப்பது வீட்டுக் கணக்கை இட்டபின், எழுத்துப் பெரிதாய்த் தெரியட்டும் என்று கைப்பேசியைச் சாய்த்தார். அனைத்தும் மறைந்தன. அவர் சினக்கவில்லை. "நோட்டைத் திருப்பிப் பிடிச்சா எழுத்து ஓடிப்போகுமாடா?" என்று மட்டும் கேட்டார். அவ்வினாவிற்கு என்னிடத்தே விடையில்லை.

திரை மாறினும் மாறாதிருக்கும் 'வியூமாடல்' என்னும் கொள்கலம் ஒன்று உளதென்பதைப் பின்னர் அறிந்தேன். ஆயின் செயலியே மாய்க்கப்படின் அதுவும் உடன் மாயும். ஆகவே வீடு ஒன்று முடிந்தவுடனே அளவினைத் தரவுத்தளத்தில் எழுதிவிடுதலே பிழையற்ற நெறி. அதற்குரிய எஸ்க்யூலைட் என்பது ஆண்டிராய்டிலேயே அமைந்துள்ளது. இணையம் இன்றியும் இயங்கும். வையைக் கரையோரத்துச் சந்துகளில் விடியல் நான்கரை மணிக்கு இணையத்தை நம்பி நிற்றல் இயலாதென்பது பால் ஊற்றுவார்க்குத் தெரியும்.

இரண்டாம் இடர் தமிழ் மாணவனாகிய எனக்கே உரியதாய் வந்தது. வாடிக்கையாளர் பெயரும் தெருவும் அடங்கிய பட்டியலொன்று பழைய எழுத்துருவில் முன்னரே தட்டச்சாகி இருந்தது. அதனை ஒரு மாற்றியின்வழி ஒருங்குறியாக்கிச் செயலியில் ஏற்றினேன். பின்வந்த வீடுகளைக் கைப்பேசியிலேயே தட்டினேன். மாத இறுதியில் 'கோச்சடை' என்று தேடிக் கணக்கெடுத்தபோது பாதிக்குமேற்பட்ட வீடுகள் தோன்றவேயில்லை. வரவேண்டிய பணமும் அக்கணக்கின்படி பாதியாயிற்று. கண்ணால் நோக்கின் பட்டியலிலுள்ள எல்லாக் 'கோச்சடை'யும் ஒன்றே.

காரணம் கூறுவேன். 'கோச்சடை' என்பது நமக்கு நான்கெழுத்து: கோ, ச், ச, டை. ஒருங்குறியிலோ ககரமும், ஓகாரக் குறியும், சகரமும், புள்ளியும், சகரமும், டகரமும், ஐகாரக் குறியும் ஆக ஏழு குறியீடுகள். (உயிரையும் மெய்யையும் பிரித்து எண்ணும் இலக்கண முறையிலும் ஏழே வருதல் கண்டு முதலில் மகிழ்ந்தேன். ஆயின் அது தற்செயல். நாம் மெய்யை முதலாகக் கொண்டு உயிரை ஏற்றுகின்றோம், ஒருங்குறியோ அகரமேறிய மெய்யை முதலாகக் கொண்டு புள்ளியிட்டு அகரத்தைக் களைகின்றது.) இனி, ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் வெவ்வேறு விசையில் இருந்தமையின், அம்மாற்றி அவற்றை அவ்வாறே பிரித்து வைத்துவிட்டது. எனவே ஒரு கோச்சடைக்கு ஏழும், மற்றொரு கோச்சடைக்கு எட்டுமாயின. திரை இரண்டனையும் ஒருபடித்தாகவே காட்டும். தரவுத்தளமோ எண்களை ஒப்பிடுவதாகலின் அவற்றை வேறென்றே கொள்ளும். ஒகர, ஔகாரங்களுக்கும் இஃதொக்கும். எழுதுமுன்னும் தேடுமுன்னும் சொல்லை 'என்எஃப்சி' என்னும் ஒருமுகப்படுத்தும் முறைக்கு உட்படுத்தின் இவ்விடர் நீங்கும். ஒரே வரி நிரல். அதனைக் கண்டறிய எனக்குப் பதினொரு நாள் ஆயின.

இவ்விடத்து ஒருவரை நினையாதிருத்தல் தகாது. மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் அவர்கள், முரசு அஞ்சல் என்னும் மென்பொருளால் கணினியில் தமிழை வளர்த்தவர். ஆண்டிராய்டுக் கைப்பேசி தோன்றுதற்கு முன்னரே, 2005இல், அவர்தம் 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியிடப்பெற்றது. அதன்வழிச் சிறிய திரையினையுடைய கைப்பேசிகளிலும் தமிழிற் குறுஞ்செய்தி விடுத்தல் கைகூடிற்று. பின்னர் அது ஐஃபோனிலும் ஆண்டிராய்டிலும் விசைப்பலகையாயிற்று. ஓகாரம் ஒன்றோடு பதினொரு நாள் பொருதபின்னரே அவர் பணியின் அருமை எனக்கு விளங்கிற்று.

முடிந்த செயலிக்கு ஆக்கியோன் மின்கையொப்பம் இடுதல் வேண்டும். அக்கையொப்பத் திறவியைப் பாதுகாத்தல் இன்றியமையாதது. வேறு கையொப்பமுடைய புதுப்பதிப்பைப் பழையதன்மேல் ஏற்ற இயங்குதளம் மறுக்கும். கூகுள் கடையிற் சேர ஒருமுறை 25 டாலர் செலுத்தினாற் போதும். ஆயின் 2023 நவம்பருக்குப் பின்னர்த் தனியாள் பெயரில் தொடங்கிய கணக்காயின், செயலியைப் பிறர் சிலர் தொடர்ந்து 14 நாள் பயன்படுத்திப் பார்த்திருத்தல் வேண்டும் என்று விதித்துள்ளனர். அத்தொகை முதலில் 20 பேராக இருந்து, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைந்தது. பன்னிரு பால்காரரை யான் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றேன். நம் விடுதி நண்பர்கள் முன்வந்தனரேனும் அவர்களுக்குப் பால் அளக்கத் தெரியாது.

என் தந்தையார் இப்போது நாள்தோறும் செயலியில் கணக்கிடுகின்றார். கைப்பேசியைச் சாய்த்துப் பார்த்துவிட்டே தொடங்குவது அவர் வழக்கமாகிவிட்டது. நோட்டையும் விடவில்லை, அதற்கு நெகிழி உறையொன்று வாங்கிப் போட்டிருக்கின்றார். மாத இறுதியில் இரண்டனையும் அருகருகே வைத்து ஒப்பிடுகின்றோம். சென்ற மாதம் ஒரு வீட்டில் அரை லிட்டர் வேறுபட்டது. பிழை நோட்டில்.