உபகாரச் சம்பளமா, உழைத்த சம்பளமா?

கண்டி நகரிலிருந்து பேராதனைக்குச் செல்லும் பெருவீதிக்குச் சற்றே விலகி, பூந்தோட்டம் போல அமைந்திருக்கிறது போர்வீரர் மயானம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944ஆம் ஆண்டில், தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை மௌன்ட்பேட்டன் பிரபு இவ்வூர்ப் பக்கம் மாற்றிக்கொண்டதை வாசகர்கள் அறிவர். அந்த யுத்த காலத்தில் மாண்ட ஆங்கிலேயரும் ஆபிரிக்கரும் இந்தியரும் நம் நாட்டவரும் அங்கே அருகருகே துயில்கின்றனர். கல்லிலே பெயருண்டு, படைப்பிரிவு உண்டு, மறைந்த நாளும் உண்டு. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழும். இவர்களுடைய மனைவியர் பின்னர் எவ்வாறு வாழ்ந்தனர்? அதனைச் சொல்லும் கல் அங்கே இல்லை.

அவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி, நம் வீட்டு வேலிக்கு அப்பாலேயே கிடைத்தது.

வேலிக்கு அப்பால்

அம்பிட்டியவில் நாம் வசிக்கும் ஒழுங்கையில் ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். 1965இல் தரைப்படையிற் சேர்ந்து, தியத்தலாவையிற் பயிற்சி பெற்று, 22 ஆண்டுகள் கடமையாற்றி ஓய்ந்தவர். ஈராண்டுகளுக்கு முன்னர் அவர் காலமானார். எழுபதைக் கடந்த அவருடைய மனைவியை நாம் 'ஆச்சி' என்றே அழைப்போம். முதியவளைக் குறிக்க இரு மொழிக்கும் பொதுவாக வாய்த்த சொல் அது. அவரும் சந்தையிலே பழகிய தமிழில் நம்மைச் 'சேர்' என்பார்.

கணவர் கண்மூடியதும் அவருடைய ஓய்வூதியம் நின்றது. அது முறையே, இறந்தவர் பெயரிற் பணம் வழங்க இயலாதன்றோ? மனைவிக்கு உரியது வேறு. அதற்கு 'விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம்' என்று பெயர். அதனை அவரே விண்ணப்பித்துப் பெறல் வேண்டும். ஒன்று நின்றதற்கும் மற்றொன்று தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலமே விதவையின் சோதனைக் காலம்.

மூன்றாம் மாதத் தானம் முடியும் வரை விண்ணப்பத்தைப் பற்றி அவ்வீட்டில் எவரும் எண்ணவில்லை. அயலவராகிய நாமும் நினைவூட்டவில்லை. பின்னர் ஒருநாள் ஆச்சி ஒரு பிஸ்கற் தகரப்பெட்டியுடன் நம் திண்ணைக்கு வந்தார். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் யாவும் அதில் இருந்தன. ஆனால் விவாகச் சான்றிதழில் தந்தை வழி வந்த நீண்ட குடும்பப் பெயருடன் ஒருத்தி. அடையாள அட்டையிலோ கணவர் பெயரைச் சேர்த்த குறும்பெயருடன் மற்றொருத்தி!

"இருவரும் ஒருவரே என்பதற்கு அத்தாட்சி என்ன?" என்று வினவினார் அலுவலகத்து இலிகிதர். அவரைக் குறை கூறுவதற்கில்லை; கேட்பது அவர் கடமை. ஆயினும் பேருந்தில் திரும்பி வரும்போது ஆச்சி சொன்ன வார்த்தை நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

"ஐம்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டேன், சேர். நான்தான் அவருடைய மனுசி என்று இந்தக் கடதாசிக்குத் தெரியாதா?"

சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக்கடதாசி முடித்தோம். கோப்பு கொழும்புக்குச் சென்றது, ஓர் எழுத்துப் பிழைக்காகத் திரும்பி வந்தது, மீண்டும் சென்றது. மருந்துக்கடையிற் கடன் ஏறியது. ஆண்டு நிறைவுத் தானமும் நெருங்கியது. "அவர் உழைத்த காசிலேதான் அவருக்குத் தானம் கொடுக்க வேண்டும்" என்பது ஆச்சியின் ஒரே ஆசை.

பதிவின் அருமை

இவ்வளவு இடரிலும் ஒன்று அவரைக் காத்தது. 1972இல் பெண் வீட்டிலே திருமணம் நடந்தபோது, பதிவாளரை அழைத்தே தீரவேண்டும் என்று அவருடைய தந்தையார் பிடிவாதம் செய்தாராம். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டி விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படாத விவாகம் செல்லுபடியாகாது. சடங்கு எத்துணைச் சிறப்பாக நடந்திருப்பினும் பயனில்லை. அந்த ஒரு கையெழுத்து, அரை நூற்றாண்டு கழித்து மகளுக்குச் சோறு போட்டது.

நம்மவருள் நிலைமை சற்று வேறு. வழக்கப்படி தாலி கட்டி நடந்த விவாகத்தை, பதிவில்லை என்ற காரணத்தால் மட்டும் நீதிமன்றம் தள்ளிவிடுவதில்லை. ஆனால் அதனை நிரூபிப்பது எளிதோ? குருக்கள் மறைந்திருப்பார், சாட்சிகள் ஊர்விட்டுப் போயிருப்பர். தோட்டப்புறங்களிலே, கோயிலில் மாலை மாற்றி ஆயுள் முழுதும் ஒன்றாய் வாழ்ந்தும், தாள் ஒன்றுமின்றித் தவிக்கும் மூதாட்டியரை நாமே கண்டிருக்கிறோம்.

பழந்தமிழர் கண்ட நெறி

இவ்வூதியம் அரசு இரங்கிக் கொடுப்பதென்று பலர் எண்ணுகின்றனர். 'உபகாரச் சம்பளம்' என்ற பழஞ்சொல்லும் அவ்வெண்ணத்துக்கு இடந்தருகிறது. உண்மை அதுவன்று. அரச ஊழியரின் மனைவி மக்களுக்காக, ஊழியரின் சம்பளத்திலிருந்தே ஒரு பங்கைக் கழித்துச் சேமிக்கும் ஏற்பாடு 1898ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் இந்நாட்டில் நிலைபெற்றது. முப்படையினருக்கு 1970ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அத்தகைய ஏற்பாட்டைச் செய்தது. ஆகவே ஆச்சி கேட்டது பிறர் பணமன்று. கணவர் மாதந்தோறும் அவருக்கென விட்டுவைத்த கைப்பிடி அரிசியே அது.

இந்நெறி தமிழர்க்குப் புதிதுமன்று. போரிலே வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டதோடு நில்லாது, அவன் குடும்பத்தார்க்கு நிலம் அளித்தனர் முன்னோர். அந்நிலத்துக்கு 'நெய்த்தோர்ப்பட்டி' என்று பெயர். நெய்த்தோர் என்பது குருதி. கணவனை இழந்தாள் நிலையைத் 'தாபதநிலை' என்றும், மனைவியை இழந்தான் நிலையைத் 'தபுதாரநிலை' என்றும் தொல்காப்பியம் காஞ்சித்திணையிலே வகுத்துரைக்கிறது. மனைவியை இழந்தவரை இந்நாட்டு அரச படிவங்கள் இன்றும் 'தபுதாரர்' என்றே குறிக்கின்றன. படிவம் நிரப்பும்போது தொல்காப்பியம் எதிர்ப்பட்டது கண்டு நாம் வியந்தோம்!

கடல் கடந்த நாட்டில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அப்போரிற் பங்கு கொண்ட மோஸ் டிரிப்ளெட் என்பவருக்கு, முதுமையிற் செய்த மணத்தின் பயனாக, 1930இல் ஐரீன் என்றொரு மகள் பிறந்தாள். தன்னைத் தானே பேண இயலாத அம்மகளுக்குத் தந்தையின் பொருட்டு மாதம் 73 டொலர் 13 சதம் வழங்கப்பட்டு வந்தது. 2020ஆம் ஆண்டு மே 31ஆந் தேதி அவர் மறையும்வரை அது நிற்கவில்லை. போர் முடிந்து 155 ஆண்டுகள் சென்ற பின்னும் ஓர் அரசு தன் வாக்கைக் காத்தது.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை

அரசு வாக்கைக் காக்க, நாமும் தாளைக் காத்தல் வேண்டும். கணவரின் சேவை இலக்கமும் ஓய்வூதிய இலக்கமும் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும். விவாகச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழ்களிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிழையிருப்பின் இருவரும் உயிரோடிருக்கும்போதே திருத்துங்கள். மரணத்தைப் பிரதேச செயலகத்துக்கு உடனே அறிவியுங்கள். காலந்தாழ்த்தினால் மிகையாக வந்த பணத்தைத் திருப்பிச் செலுத்த நேரிடும். கொடுக்கும் விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் பிரதியொன்று வைத்து, கொடுத்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றைப் பேசுவது அபசகுனம் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தின் விலையை, உயிரோடு எஞ்சுபவரே கட்டுகிறார்.

ஆச்சியின் பணம் வந்து சேர்ந்ததா என்று வாசகர் வினவுவர். வந்தது, நிலுவையுடன் வந்தது. ஆனால் ஆண்டு நிறைவுத் தானம் கழிந்து ஒரு மாதம் சென்ற பின்னரே வந்தது. தானத்துக்காகத் தம் காப்பு ஒன்றை ஈடு வைத்திருந்தார் அவர். முதற் பணத்தில் அதனை மீட்டு, கையிலே போட்டுக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார்.

"பிந்தினாலும் அவரே மீட்டுத் தந்தார், சேர்" என்றார்.

நாம் மறுமொழி கூறவில்லை. உள்ளே சென்று, நம் விவாகச் சான்றிதழ் எங்கேயிருக்கிறதென்று தேடலானோம்.