வரப்பில் காஸ்மோஸ்

"என்னா மேனேஜரே, சாமிக்கும் ஆவாது, தலைக்கும் ஆவாது. இந்தப் பூவ எதுக்கு வரப்புல வளத்து வுட்டிருக்கீங்க?"

போன ஐப்பசியில் களை எடுக்க ஆட்களைக் கூட்டி வந்த அக்கா கேட்ட கேள்வி. கேட்டதோடு விடவில்லை. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதற்குள் கிழக்கு வரப்பில் பாதிப் பூவை அறுத்து வாய்க்கால் ஓரம் குவித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வரப்பு சுத்தமாக இருந்தால்தான் அது விவசாயி வயல். அந்த ஒழுங்கில் வளர்ந்தவர் அவர்.

காஸ்மோஸ் என்ற பெயருக்கே ஒழுங்கு என்றுதான் பொருள். கிரேக்கச் சொல். அழகு என்றும் அண்டம் என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினின் மாட்ரிட் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த செடிக்கு 1791ல் இந்தப் பெயரை வைத்தவர் கவனில்யெஸ். தாவரவியலாளர், பாதிரியாரும்கூட. இதழ்கள் எட்டும் அளந்து வைத்ததுபோல் இருப்பதால் அப்படிப் பெயர் வந்தது என்பார்கள். ஜப்பானியர் இதை 'இலையுதிர்காலச் செர்ரி' என்று பொருள்படும்படி எழுதுவார்கள். அங்கே நெல் பரப்பைக் குறைக்கச் சொல்லி அரசு காசு கொடுத்த காலத்தில், சும்மா கிடந்த வயல்களில் காஸ்மோஸ் விதைத்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அழகு. நெல் விளைந்த மண்ணில் பூ மட்டும் நிற்பதை அந்த விவசாயி எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

என் வரப்பில் பூ வந்த கதை வேறு. வங்கியில் இருந்தபோது பயிர்க்கடன் கணக்கில் ஏக்கருக்கு உரம் இவ்வளவு, மருந்து இவ்வளவு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பூச்சி வருவதற்கு முன்பே மருந்துக்குக் கடன்! வரப்புக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. ஓய்வு பெற்று வயலில் இறங்கிய பிறகு ஒரு சம்பாவில் புகையான் வந்தது. வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து, ஒன்றரை ஏக்கரில் பாதி வைக்கோலாகத்தான் வீட்டுக்கு வந்தது. அதன் பிறகுதான் வரப்பைப் பற்றிப் படித்தேன்.

புகையான் முட்டையைத் தேடித் தன் முட்டையை வைக்கும் பொடிக் குளவிகள் உண்டு. வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும். நெற்பூவில் தேன் கிடையாது. வரப்பையும் வழித்துவிட்டால் அவை எங்கே போகும்? தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்று நாடுகளில் வரப்பில் தேன் தரும் செடிகளை வளர்த்துச் செய்த ஆய்வு 2016ல் வெளியானது. பூச்சிமருந்து அடிப்பது 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது.

காஸ்மோஸில் நாம் ஒரு பூ என்று பார்ப்பது ஒரு கூட்டம். நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டம் முழுக்கக் குட்டிக் குட்டிப் பூக்கள், ஓரத்திலிருந்து உள்நோக்கி நாள்கணக்கில் விரியும். ஆழம் குறைவு என்பதால் சின்னப் பூச்சிக்கும் தேன் எட்டும். அடுக்கு இதழ் ரகம் வாங்காதீர்கள். நமக்குத்தான் அழகு, பூச்சிக்கு வழி அடைத்துவிடும்.

நம் சமவெளி வெயிலுக்கு ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தில் பூக்கும் ரகம் தாங்கும். இளஞ்சிவப்பு, வெள்ளைப் பூ ரகத்துக்குப் பகல் குறுகும் மாதங்கள்தான் சரி. விதைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கும், 50 முதல் 60 நாளில் பூக்கும். நாற்று விடும்போதே வரப்பிலும் விதைத்துவிட்டால் கணக்குச் சரியாக வரும். செடிக்குச் செடி ஒரு அடி. ஒரு அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும்.

எரு போடாதீர்கள். முதல் வருஷம் பாசத்தில் நான் அமிர்தக்கரைசல் ஊற்றினேன். ஆள் உயரம் வளர்ந்தது, பூவைத்தான் காணோம். கார்த்திகை மழையில் மொத்தமும் பயிர் மேல் சாய்ந்தது. கடன் அதிகம் கொடுத்துக் கெடுத்த கணக்கு மாதிரி!

போன சம்பாவில் புகையான் பெரிதாக இல்லை. பூதான் காப்பாற்றியது என்று நான் எழுதினால் எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டேன், யூரியா போடவில்லை, மருந்தும் அடிக்கவில்லை. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் அறுபட்ட வரப்பைவிடப் பூ நின்ற வரப்பின் ஓரத்தில் சிலந்தி அதிகம் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு எச்சரிக்கை. இதன் விதை முற்றினால் தானே விழுந்து முளைக்கும், வேட்டியில் ஒட்டிக்கொண்டும் போகும். மலையடிவாரம், காட்டோரம் நிலம் உள்ளவர்கள் இதை விட்டு நம் எள்ளையோ சூரியகாந்தியையோ போடுங்கள். நான் காய் கறுத்ததும் விதையைப் பறித்துவிடுகிறேன்.

அக்காவிடம் இந்த ஆவணியில் பேசினேன். குளவிக் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ தட்டப்பயறு போடுங்க. அதுலயும்தான் எறும்பும் குளவியும் மொய்க்குது, கொழம்புக்கும் ஆவும்" என்றார். சரிதான். தட்டைப்பயறில் பூவுக்கு வெளியேயும் தேன் சுரக்கும். இப்போது கிழக்கு வரப்பு அவருடைய தட்டைப்பயறு, மேற்கு வரப்பு என் காஸ்மோஸ். காய் பறிப்பு அவருக்கு. மேற்கு வரப்பில் அரிவாள் வைப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார்.