கழிவுமேட்டில் ஒரு வானவில்

சென்ற விடுமுறையில், சண்டிலிப்பாயில் கிணறு வெட்டும் இடமொன்றில் நின்றிருந்தோம். மேலே எறியப்பட்ட வெண்கற்களைப் புரட்டிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், “ஐயா, எங்கள் ஊர் நிலத்தில் இரத்தினம் கிடையாதா?” என்று வினவினான்.

கிடையாது என்றே விடை கூறினோம். யாழ்ப்பாணக் குடாநாடு, மயோசீன் காலத்தில் கடலடியிற் படிந்த சுண்ணாம்புக் கல்லாலானது. இரத்தினம் வேண்டுவோர் இரத்தினபுரிப் பக்கம் செல்லல் வேண்டும். அங்கும் அனுமதிப்பத்திரமின்றி அகழ்தல் குற்றமாகும்.

ஆயினும், பொழுதுபோக்காகவே மணி தேடத்தக்க ஊரொன்று உண்டு. தென் அவுஸ்திரேலியாவில், அடிலெயிட் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 850 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கூபர் பீடியே அது. 1915 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி, பொன் தேடிய குழுவினருடன் சென்ற வில்லி ஹட்சிசன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் அங்கே ஓப்பல் கண்டெடுத்தான். அவன் தேடிச் சென்றதோ தண்ணீர்!

நமது நவரத்தின வரிசையில் ஓப்பலுக்கு இடமில்லை. எனினும், அதன் ஒரு கல்லிலே பல நிறங்கள் விளையாடும். சுரங்கக்காரர் கொட்டிய கழிவுமேடுகளைக் கையாலும் சல்லடையாலும் துழாவி, அவர்கள் கண்ணுக்குத் தப்பிய துண்டுகளைப் பொறுக்குவதை அவ்வூரார் ‘நூட்லிங்’ என்பர். இதற்கெனப் பொது இடமும் உண்டு. பிறர் உரிமை நிலத்தில் அவர் சம்மதம் வேண்டும். கல்லை நனைத்தால் நிறம் தெளியும். ஆனால், படம் பிடிக்கும் ஆவலிற் பின்னோக்கி நடத்தல் ஆகாது. மூடப்படாத சுரங்கக் குழிகள் எங்கும் வாய் பிளந்துள்ளன.

பெரும்பாலும் கிடைப்பது ஒளியற்ற வெறுங்கல்லே. இரண்டும் சிலிக்காவும் நீரும் சேர்ந்த ஒரே பொருள்தான். பின்னர் வேறுபாடு எங்கே? 1964 இல் அவுஸ்திரேலிய அறிஞர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அதனைக் கண்டனர். சிலிக்காவின் நுண்ணிய உருண்டைகள் ஒரே அளவினவாய், வரிசை தவறாது அடுக்கப்பட்டிருந்தால் ஒளி சிதறி வண்ணம் பிறக்கும். அடுக்குக் குலைந்தால் பிறவாது.

இவற்றைக் கேட்ட மாணவன் மீண்டும் கற்குவியலை நாடினான். சிறிது நேரத்தில், சிப்பியின் அச்சுப் பதிந்த கல்லொன்றை ஏந்தி வந்தான். சந்தையில் அது ஒரு சதமும் பெறாது. ஆனால், நம் ஊர் ஒருகாலத்திற் கடலாயிருந்தமைக்கு அதுவே சாட்சி. அதனை அவன் கழுவித் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டபோது, இனி அவனுக்குக் கூபர் பீடி தொலைவில் இல்லை என்று எண்ணி மகிழ்ந்தோம்.