மூட்டுவலி மருந்தை மலிவாக்கிய கிழங்கும் பூஞ்சையும்

கீட்டோன் என்றதும் நம்மில் பலருக்கு நீரிழிவு நோய்தான் நினைவுக்கு வரும். நகப்பூச்சை அழிக்க உதவும் அசிட்டோனும் ஒரு கீட்டோன்தான். இரு கார்பன் அணுக்களுக்கு நடுவே உள்ள ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன் அணுவை இரட்டைப் பிணைப்பால் பிடித்திருந்தால் அது கீட்டோன் ஆகும்.

ஆஸ்துமாவுக்கும் மூட்டு முடக்குவாதத்துக்கும் மருத்துவர்கள் தரும் ஸ்டீராய்டு மருந்துகளிலும் கீட்டோன் உண்டு. அவற்றின் முன்னோடியான கார்ட்டிசோனில் மூன்று கீட்டோன் தொகுதிகளும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளும் உள்ளன. எந்த ஆக்சிஜன் எந்தக் கார்பனில் அமர வேண்டும் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

நூறில் நான்கு பங்கு

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் நடக்கச் சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் குழுவினர் இந்த மருந்தை ஊசி வழி செலுத்தினர். சில நாட்களிலேயே அவர் எளிதாக நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், மருந்து எத்தனை பேருக்குக் கிடைத்தது? மெர்க் நிறுவனம் மாட்டுப் பித்தநீரிலுள்ள ஓர் அமிலத்தை முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் மாற்றியே அதைத் தயாரித்தது. ஒவ்வொரு படியிலும் 90 விழுக்காடு தேறினாலும், முப்பது படிகளுக்குப் பின் மிஞ்சுவது நூறில் நான்கு பங்குதான்! தொடக்கத்தில் ஒரு கிராம் 200 டாலர் விலையில் இருந்தது. மூலக்கூறின் 11ஆம் கார்பனில் ஆக்சிஜனைச் சேர்ப்பதே பெரும் தலைவலியாக இருந்தது.

மெக்சிகோ கிழங்கு

இதற்கிடையே, ரஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் வேறொரு வழியைத் திறந்திருந்தார். மெக்சிகோவில் விளையும், நம் வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த காட்டுக் கிழங்கில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் உள்ளது. அதன் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, இரண்டு கீட்டோன்கள் கொண்ட புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அவர் உருவாக்கினார். 1934இல் சுமார் 50,000 பன்றிகளின் சூலகங்களிலிருந்து 20 மில்லிகிராம் மட்டுமே கிடைத்த ஹார்மோன் இது. மார்க்கரோ 1943இல் ஏறக்குறைய மூன்று கிலோ தயாரித்தார்.

கிழங்கைத் தின்றால் ஹார்மோன் கிடைத்துவிடுமா? கிடைக்காது. அந்த மாற்றத்தை நம் உடல் செய்வதில்லை. ஆய்வகம்தான் செய்ய வேண்டும்.

பூஞ்சையின் கைவண்ணம்

புரோஜெஸ்டிரோனிலும் 11ஆம் கார்பனில் ஆக்சிஜன் இல்லை. 1952இல் அப்ஜான் நிறுவனத்தின் பீட்டர்சனும் மரேயும் அதை ரைசோபஸ் பூஞ்சைக்கு உணவாகக் கொடுத்தனர். அது ஒரே படியில் சரியான கார்பனில் ஆக்சிஜனைச் சேர்த்தது! நாம் விரும்பி உண்ணும் தெம்பேயைப் புளிக்க வைப்பதும் இதே ரைசோபஸ் இனம்தான். சில ஆண்டுகளில் கார்ட்டிசோன் விலை கிராமுக்கு 6 டாலர் அளவுக்கு இறங்கியது.

மலிவும் ஓர் ஆபத்து

இன்று ஸ்டீராய்டுகள் மலிவு. அதனாலேயே, பாரம்பரிய மூட்டுவலி மருந்து என்ற பெயரில் விற்கப்படும் சில ஜாமுக்களில் டெக்ஸாமெத்தசோன் இரகசியமாகக் கலக்கப்படுகிறது. மலேசிய, சிங்கப்பூர் சுகாதார அதிகாரிகள் இதைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். பெயர் தெரியாத மாத்திரை ஒரே நாளில் வலியைப் போக்கினால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். நீண்ட நாள் உட்கொண்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மாத்திரையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.