பாறைக்குள் ஓடும் ஆறு

ஆடி, ஆவணி மாதங்களில் பசறை மலைகளில் மழை குறைவு. மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவக்காற்று, மத்திய மலைகளைத் தாண்டி ஊவாவுக்கு வரும்போது ஈரமிழந்து கச்சான் காற்றாக வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த தனி மணம் கொழுந்தில் ஏறுவதும் இந்தக் காய்ந்த காற்றில்தான். அந்த நாட்களிலும் லயத்துப் பீலியில் தண்ணீர் விழுகிறது, தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடை ஓடுகிறது. மழையே இல்லாதபோது இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பாறைக்குள்ளிருந்து வருகிறது. ஊவா மலைகளின் அடியில் இருப்பவை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறிய கடும்பாறைகள். அந்தப் பாறையில் நீர் தங்க இடமில்லை. அதிலுள்ள வெடிப்புகளில் தங்குகிறது. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழை மண்ணில் இறங்கி, வெடிப்புக்கு வெடிப்பு மெல்ல நகர்ந்து, பல மாதம் கழித்து மலைச்சரிவில் ஊற்றாக வெளிவருகிறது. நமுனுகுல மலையில் இப்படிக் கசியும் நீர் ஒரு பக்கம் பதுளு ஓயாவாகி மகாவலியில் சேர்கிறது. இன்னொரு பக்கம் மாணிக்க கங்கையாகிக் கதிர்காமத்தைக் கடந்து கடலுக்குப் போகிறது.

வற்றாத ஊற்றை நம்பி ஓர் உயிர்க்கூட்டமே வாழ்கிறது. ஓடையில் விழும் இலையைப் பூஞ்சைகள் மென்மையாக்குகின்றன; பூச்சிகளின் இளம்புழுக்கள் அதைத் தின்கின்றன; அவற்றை மீனும் நண்டும் தின்கின்றன. இலங்கையில் 50க்கும் மேற்பட்ட நன்னீர் நண்டினங்கள் உண்டு. ஏறத்தாழ அனைத்தும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. கடல் நண்டின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் பரவும். நன்னீர் நண்டு முட்டையையும் குஞ்சையும் தன் வயிற்று மடிப்பிலேயே சுமக்கிறது. குஞ்சு பிறந்த ஓடையை விட்டு அதிக தூரம் போவதில்லை. அதனால் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு தனித்தனி இனங்கள் உருவாகியுள்ளன. இலங்கையின் புதர்த் தவளைகள் பலவும் ஈர மண்ணில்தான் முட்டையிடுகின்றன. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேரே சிறு தவளையாக வெளிவருகின்றன. மண் காய்ந்தால் முட்டையும் காய்ந்துவிடும். ஓர் ஊற்று நின்றுபோனால், அதோடு ஓர் இனத்தின் வாழிடம் முழுவதுமே போய்விடக்கூடும்.

இந்த நீரின் பாதையைக் குறுக்கே வெட்டினால் என்ன ஆகும் என்பதைப் பதுளை மாவட்டம் பண்டாரவளையில் பார்த்தது. உமா ஓயா பல்நோக்குத் திட்டம், மகாவலியில் சேர வேண்டிய நீரின் ஒரு பகுதியை 15 கிலோமீட்டருக்கும் நீண்ட சுரங்கத்தின் வழியே தெற்கே கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்குக்குத் திருப்புகிறது. வழியில் நிலத்தடி நிலையத்தில் 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கப்படுகிறது. ஈரானின் ஃபராப் கம்பனி கட்டிய இத்திட்டத்துக்கு 2008இல் தொடக்க விழா நடந்தது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு அதற்குப் பிறகுதான் முடிந்தது.

2014 டிசம்பரில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் நீர் நிறைந்த வெடிப்பொன்றைத் திறந்தது. பானையின் அடியில் ஓட்டை விழுந்ததுபோல, மேலேயுள்ள மலையின் நீர் சுரங்கத்துக்குள் வடிந்தது. கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. நீர் வெளியேறியதால் மண் அமிழ்ந்து, ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017இல் பண்டாரவளை மக்கள் பெருந்திரளாக வீதியில் இறங்கினார்கள். 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. கிணறு வற்றிய வீடுகளுக்குப் பவுசரில் தண்ணீர் கொண்டுபோக முடிந்தது. வற்றிய ஊற்றின் உயிர்களுக்கு அப்படி எதையும் கொண்டுபோக முடியாது.

நோர்வேயும் இதே பாடத்தைப் படித்தது. 1990களில் ஒஸ்லோ அருகே ரோமெரிக்ஸ்போர்ட்டன் ரயில் சுரங்கம் தோண்டப்பட்டபோது, மேலேயுள்ள காட்டுக் குளங்களின் நீர்மட்டம் இறங்கியது. அதன்பின் அந்நாட்டுப் பொறியியலாளர்கள் அணுகுமுறையை மாற்றினார்கள். மேலேயுள்ள ஈரநிலமும் தாவரங்களும் எவ்வளவு இழப்பைத் தாங்கும் என்பதை முதலில் ஆராய்கிறார்கள். அதற்கேற்ப, 100 மீட்டர் சுரங்கத்துக்கு நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் கசிவுதான் அனுமதி என்று எல்லை வைக்கிறார்கள். தோண்டும் முன்பே பாறையில் துளையிட்டு, சீமெந்துக் குழம்பை அழுத்திச் செலுத்தி வெடிப்புகளை அடைக்கிறார்கள். மேலே நிற்கும் உயிர்கள் வைக்கும் எல்லைக்குள்தான் கீழே வேலை நடக்கிறது.

தொழில் நிறுவனங்கள் இயற்கைக்குச் செய்யும் சேதத்தைக் கையாள உலகம் ஒப்புக்கொண்ட வரிசை ஒன்று உண்டு: முதலில் தவிர், முடியாவிட்டால் குறை, பின்னர் மீட்டெடு, கடைசியாகத்தான் ஈடுசெய். வரிசை மாறக்கூடாது. வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறொரு மரத்தை நட்டு வளர்க்கலாம். பாறையின் வெடிப்புகளுக்குள் ஓடிய நீர்ப்பாதையை எந்தப் பணத்தாலும் மறுபடி உருவாக்க முடியாது. அதனால் ஊற்றைப் பொறுத்தவரை தவிர்ப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. 2022 டிசம்பரில் உலக நாடுகள் ஏற்ற குன்மிங்–மொன்றியல் உடன்பாட்டின் 15ஆவது இலக்கும் இதையொட்டியதே. பெரிய நிறுவனங்கள் உயிர்ப்பல்வகைமையை எந்தளவு நம்பியிருக்கின்றன, எந்தளவு பாதிக்கின்றன என்பதைக் கணக்கிட்டு வெளியிட அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது அது.

ஊவாவில் இந்தப் பொறுப்பு மாபெரும் திட்டங்களுக்கு மட்டும் உரியதல்ல. சிறு நீர்மின் நிலையம் ஓடையை மறித்துக் குழாய்க்குள் திருப்பும்போது, அணைக்கும் மின் நிலையத்துக்கும் இடைப்பட்ட ஓடை கச்சான் மாதங்களில் வெறும் கல்லாகிவிடும். அங்கு வாழும் மீனும் நண்டும் பிழைக்கும் அளவு நீரை எப்போதும் விட்டுவைப்பது கம்பனியின் கடமை. தோட்டக் கம்பனிகள் ஓடைக்கரையில் தேயிலை நடாமல், மருந்தடிக்காமல் ஒரு பட்டையை விட்டால், நாட்டு மரங்கள் அங்கு எழும்ப இடம் கிடைக்கும்.

இவை எதற்கும் முதல் வேலை ஊற்றுகளைப் பதிவுசெய்வது. எந்த மலையில் எத்தனை ஊற்று, எந்த மாதம் எவ்வளவு நீர், அதில் என்னென்ன உயிர் என்ற கணக்கு திட்டம் தொடங்கும் முன்பே இருக்க வேண்டும். முன்பு இருந்தது தெரியாவிட்டால், பின்பு இழந்ததை நிரூபிக்க முடியாது. அந்தக் கணக்கில் பாதி தோட்டத்து மக்களிடமே இருக்கிறது. எந்தப் பீலி எந்த வரட்சியிலும் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பற்றிக் கருத்துச் சொல்ல இலங்கைச் சட்டம் பொதுமக்களுக்கு 30 நாள் தருகிறது. அடுத்த திட்டம் உங்கள் மலைக்கு வரும்போது அந்த 30 நாளை வீணாக்காதீர்கள். உங்கள் ஊற்றுகளின் பெயர்களை எழுதிக் கொடுங்கள்.